சபையில் கேட்ட கேள்வி

சித்திரை பிறந்துவிட்டால் போதும், வானிலைச் செய்தியில் வேலூரோடு சேர்த்துத் திருத்தணியின் பெயரையும் வாசிக்காத நாள் குறைவு. நூறு டிகிரி, நூற்று நாலு டிகிரி என்று வெயில் ஏறிக்கொண்டே போகும். மலையைச் சுற்றியிருக்கும் பாறை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணி வரைக்கும் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் தூக்கம் ஏது? அந்தத் தூங்காத ராத்திரிகளில்தான் இந்தப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கிறது.

அதைப் பற்றி ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "சென்னையிலிருந்து போன வருஷம்தான் திருத்தணிக்குக் குடிவந்தோம். எட்டு வயதில் பெண், ஐந்து வயதில் பையன், மடியில் பத்து மாதக் குழந்தை. திரௌபதி அம்மன் கோவிலில் கூத்து வைத்திருக்கிறார்கள். 'புள்ளைங்கள அழைச்சிக்கினு வாம்மா, எல்லாரும் போலாம்' என்கிறார் என் அத்தை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்குமாம்! குழந்தைகள் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அப்படி என்னதான் அந்தக் கூத்தில் இருக்கிறது?"

இரண்டு நல்ல கேள்விகள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள். எல்லா ராத்திரியும் வேண்டாம்; ஒரே ஒரு ராத்திரி போங்கள். ஆனால் எந்த ராத்திரி என்று பார்த்துப் போங்கள். பெரியவளைக் கட்டாயம் அழைத்துக்கொண்டு போங்கள். ஏன் என்பதைத்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன்.

ராத்திரிக்கு ஒரு நாடகம்

வெளிநாடுகளில் 'ரெப்பர்டரி' நாடகக் குழு என்று சொல்வார்கள். ஒரே குழுவினர் பத்துப் பன்னிரண்டு நாடகங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். கோடையில் ஓர் ஊரில் தங்கி வரிசையாக நடத்துவதும் உண்டு. அது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்து ஜமா காலங்காலமாகச் செய்துவருவது அதேதான்.

திருத்தணி ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் திரௌபதி அம்மன் கோவில்கள் இருக்கின்றன. சில ஊரில் தர்மராஜா கோவில் என்பார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும், அறுவடை முடிந்து மழைக்கு முந்தின காலத்தில், ஒவ்வொரு ஊராகக் கொடி ஏறும். சாதாரணமாகப் பதினெட்டு நாள் விழா. மத்தியானத்தில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை எடுத்துக்கொண்டு பாட்டும் வசனமுமாகக் கதை சொல்வார். பிந்தின நாட்களில், மத்தியானம் சொன்ன கதையையே ராத்திரி கூத்தாக ஆடிக் காட்டுவார்கள். காதால் கேட்டது கண்ணுக்கு வந்து நிற்கும்!

இது நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேட்டில், கோவில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு மானியம் விட்ட செய்தி இருக்கிறது. அப்படியானால் இந்தத் தொண்டை நாட்டில் ஜனங்கள் கூடி உட்கார்ந்து பாரதம் கேட்பது ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம்.

எல்லைக்கு அந்தப் புறமும் இதே கதைதான். 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடிப் பெற்ற மண். நிலத்தில் கோடு போட்டார்கள், அம்மனுக்குக் கோடு போட முடியுமா? நகரி, புத்தூர் பக்கமும் கோடையில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் நடக்கிறது, தெலுங்கில். பாதி வீட்டில் தமிழும் பாதி வீட்டில் தெலுங்குமாகப் பேசுகிற திருத்தணி ஜனங்களுக்கு இரண்டு பக்கமும் சம்பந்தி ஊர்கள்தான்!

யார் இந்தக் கூத்துக்காரர்கள்?

ஒரு ஜமாவில் ஏறக்குறைய பதினைந்து பேர் இருப்பார்கள். தலைவர் வாத்தியார். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம், கீச்சென்று எட்டு ஊருக்குக் கேட்கும் முகவீணை. ராஜ வேஷக்காரர்களுக்குத் தலையில் பெரிய கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியிருப்பார்கள். இந்தக் கட்டைகளை வைத்துத்தான் 'கட்டைக்கூத்து' என்ற பெயரும் வந்தது. எடை குறைந்த மரம் என்றாலும் ராத்திரி முழுக்கச் சுமந்துகொண்டு சுழன்று ஆடவேண்டும். அவ்வளவு பாரம் சுமந்தும் பாட்டில் சுருதி விலகாது. உடம்பை எப்படிப் பழக்கியிருக்க வேண்டும், பாருங்கள்!

வேஷக்காரர் நேராக வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னாலிருந்து பாடுவார், சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் மூச்சே நின்றுவிடும்! அப்புறம் திரை விலகும். நடுநடுவே கட்டியங்காரன் வந்து ஊர் வம்பு, விலைவாசி, சினிமா எல்லாம் பேசிச் சிரிக்க வைப்பான். தூங்கி வழிகிறவர்களை எழுப்புவதும் அவன் உத்தியோகம்தான்.

இந்தக் கோடை வருமானம்தான் பல குடும்பங்களுக்கு வருஷத்துச் சாப்பாடு. இந்தக் கலைக்கு வெளியே மதிப்பு வராமல் இல்லை. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தைச் சேர்ந்த கண்ணப்பத் தம்பிரான் கூத்தைச் சென்னை நாடகக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2016-ல் பாரிஸ் நகரத்தின் 'தியேட்டர் து சொலெய்' குழு தன் நாடகத்தில் தெருக்கூத்துக் காட்சிகளைச் சேர்த்தது. சொல்லிக்கொடுத்தவர் இதே சம்பந்தன்தான். பாரிஸ்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்ததை நாம் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கலாம். கசக்கிறதா என்ன?

எந்த ராத்திரி போவது?

கோவில் நோட்டீஸை ஒன்று வாங்கி வாருங்கள். எந்தத் தேதியில் எந்தக் கூத்து என்று அச்சடித்திருப்பார்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் போகும்: வில்வளைப்பு என்னும் திரௌபதி கல்யாணம், சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, குறவஞ்சி, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பகாசுரன் ரொம்பப் பிடிக்கும். பல ஊரில் பகலிலேயே வண்டி நிறையச் சோற்றோடு தெருவில் வருவான். தூக்கம் கெடாமல் பார்த்துவிடலாம். விராட பர்வத்தில் வரும் மாடுபிடி சண்டையும் பையன்களுக்குக் கொண்டாட்டம்.

அர்ச்சுனன் தபசு அன்று உயரமான கம்பம் நட்டு, அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே அதன் மேல் ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே நின்று மடியேந்துவார்கள். அந்த நம்பிக்கை மனசுக்குத் தெம்பு. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கர்ப்பம் தரிக்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில் பாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போகவேண்டும் என்பதுதான் முக்கியம். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணிடமும் காரணம் இருக்கிறது என்கிறது மருத்துவம். அவரைப் பரிசோதிக்காமல் மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழிப்பது என்ன நியாயம்?

சரி, இத்தனையில் ஒன்றே ஒன்று என்றால் எது? துகில்! சந்தேகமே வேண்டாம்.

அந்த ராத்திரி

கதை நமக்கெல்லாம் தெரியும். சகுனியின் பகடையில் தர்மர் நாட்டைத் தோற்றார், தம்பிகளைத் தோற்றார், தன்னைத் தோற்றார், கடைசியில் மனைவியை வைத்து அவளையும் தோற்றார். துச்சாதனன் அவள் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வருகிறான். கிருஷ்ணன் புடவை கொடுத்துக் காப்பாற்றுகிறான்.

படித்தால் ஐந்து நிமிஷம். கூத்தில் பல மணி நேரம்! ஒரு பக்கம் துச்சாதனன், ஒரு பக்கம் திரௌபதி. அவன் ஒரு பாட்டு, இவள் ஒரு பாட்டு. அவன் மிரட்ட, இவள் நியாயம் கேட்க, விட்டுக்கொடுக்காமல் தர்க்கம் நடக்கும். புடவையில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதன வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றுவது பல ஊர்களில் வழக்கம். 'தாயே, இது வேஷம், பிழை பொறுக்கணும்' என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடுவார். அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்கும். வயசான அம்மாக்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

அழுகைக்காக மட்டும் போகச் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவே ஒரு கேள்வி வருகிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

வியாசர் பாரதத்தில், அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பியதுமே திரௌபதி அந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாள். 'என் கணவர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? போய்க் கேட்டு வா' என்று கேள்வி அனுப்புகிறாள். எத்தனை கூர்மை பாருங்கள்! தன்னை முதலில் தோற்றிருந்தால் அவர் அந்த க்ஷணமே அடிமை. அடிமைக்குச் சொத்து ஏது? தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்துப் பந்தயம் வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

சபையில் யார் யாரெல்லாம் இருந்தார்கள்? பீஷ்மர், துரோணர், திருதராஷ்டிரர். எல்லாரும் படித்தவர்கள், பெரியவர்கள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. 'தர்மம் நுட்பமானது' என்று பீஷ்மர் நழுவிவிட்டார். விதுரர் எச்சரித்தது எடுபடவில்லை. துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன், வயசில் சின்னவன், அவன் மட்டும் எழுந்து 'இவள் கேட்பது நியாயம், இவளைத் தோற்றது செல்லாது' என்று சொன்னான். அவனை அதட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு குடும்பப் பெண் கேட்ட நியாயமான கேள்விக்கு ஒரு ராஜசபையே பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தது. இதை நம் பெண் குழந்தைகள் கண்ணால் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன். கடைசியில் பயந்துபோன திருதராஷ்டிரர் வரம் கேள் என்கிறார். முதல் வரத்தில் தர்மரையும், இரண்டாவதில் மற்ற நால்வரையும் அவரவர் ஆயுதங்களோடு விடுவிக்கிறாள். மூன்றாவது வரம் தருகிறேன் என்றபோது 'போதும்' என்றுவிட்டாள். குடும்பத்தைத் தோற்றது யாரோ, மீட்டது அவள்.

நம் வீட்டுக்கு வருவோம்

'அதெல்லாம் துவாபர யுகம்' என்கிறீர்களா? பகடைக்குப் பதில் இப்போது செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் ராத்திரி போர்வைக்குள் ரம்மி ஆடிச் சம்பளத்தைத் தொலைத்து, மனைவியின் வளையலை அடகு வைத்த கதைகளை நாம் கேட்காமலா இருக்கிறோம்? பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் போடவேண்டி வந்ததே! 'நகை கேட்டார், கொடுத்தேன், என்ன செய்யறது' என்று சொல்கிற சகோதரிகளுக்குத் திரௌபதியின் கேள்வியை ஞாபகப்படுத்துகிறேன். கொடுக்கிறது இருக்கட்டும், அது முதலில் யாருடையது?

பதில் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னாலும், கல்யாணத்தின்போதும், பிறகும், பிறந்த வீட்டாரோ, புகுந்த வீட்டாரோ, சிநேகிதர்களோ பெண்ணுக்கென்று கொடுத்தது ஸ்திரீதனம். அது முழுக்க அவள் சொத்து, கணவரும் அவளும் சேர்ந்து அனுபவிக்கும் கூட்டுச் சொத்து அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கணவர் வசம் இருந்தால் அவர் அதற்குக் காவலர்தான்.

2024 ஏப்ரலில் இதே கோர்ட்டில் கேரளத்துப் பெண் ஒருவரின் வழக்கு முடிந்தது. பிறந்த வீட்டில் போட்ட 89 பவுன் நகையைக் கல்யாணத்தன்றே பத்திரப்படுத்துவதாக வாங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் கடனுக்குப் போய்விட்டது என்பது அந்தப் பெண்ணின் வழக்கு. அவருக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் நகையை உபயோகிக்கலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு என்றும் கோர்ட் சொன்னது.

குடும்பத்துக்கு ஆபத்து என்றால் நகையைக் கழற்றிக் கொடுக்காத பெண் உண்டா? பிள்ளை படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் நாமே எடுத்து நீட்டுகிறோம். அது வேறு, சூதுக்குப் போவது வேறு. அதனால் சில காரியங்களை இந்த வாரமே செய்துவிடுங்கள். நகைகளைப் பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். வாங்கின ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். லாக்கர் உங்கள் பெயரிலும் இருக்கட்டும். அடகு வைத்தால் ரசீதின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கஷ்டம் கைமீறிப் போயிருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு, அதற்கு 15100. கோர்ட் வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் நேரிலும் கேட்கலாம். திரௌபதிக்குச் சபையில் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கூத்து பார்த்து வந்த மறுநாள் குழந்தை கேட்கும்: 'ஏம்மா எல்லாரும் சும்மா உக்காந்துட்டு இருந்தாங்க?' அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் அழைத்துப் போனது. 'சாமி கதை, அப்படித்தான்' என்று மூடிவிடாதீர்கள். 'பெரியவங்களும் தப்பு பண்ணுவாங்க கண்ணு. தப்புன்னு தெரிஞ்சா விகர்ணன் மாதிரி எழுந்து சொல்லணும்' என்று சொல்லுங்கள். இது பெண்ணைவிடப் பையனுக்குத்தான் அவசியம்.

பெண்ணிடம் சொல்ல வேறொன்று இருக்கிறது. புடவையில் யார் கை வைத்தாலும் வெட்கப்பட வேண்டியது கை வைத்தவன். திரௌபதி தலைகுனியவில்லை. விரித்த கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் செய்து, பதினெட்டாம் நாள் படுகளத்தில்தான் முடிகிறாள். பள்ளியிலோ பஸ்ஸிலோ உறவிலோ யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால் உடனே அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று தனியாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, இந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னால் மனசில் ஆழமாக உட்காரும்.

இன்னொரு கேள்வியும் வரலாம். 'திரௌபதி வேஷம் போட்டது ஆம்பளையாமே, ஏம்மா?' ஆமாம். வெகுகாலமாகக் கூத்தில் பெண் வேஷமும் ஆண்களே கட்டினார்கள். ராத்திரிப் பிரயாணம், ஊர் ஊராகத் தங்கல் என்று காரணம் சொன்னார்கள். அதுவும் மாறிவருகிறது. கூத்து வாத்தியார் பி. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் ஆரம்பித்தார்கள். 2002-ல் தொடங்கிய அவர்கள் குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அந்தப் பெண்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ராஜ வேஷத்திலேயே நின்றார்கள். உங்கள் பெண்ணிடம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

போகும்போது கவனிக்க...

இப்போது உடம்பு விஷயம். பத்து மாதக் குழந்தையைக் கூத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒலிபெருக்கிச் சத்தம் அந்தக் காதுக்கு ஆகாது. பாலூட்டித் தூங்க வைத்து, வீட்டில் ஒருவரைக் காவல் வைத்துவிட்டு நீங்கள் இரண்டு மூன்று மணி நேரம் போய் வரலாம். அத்தை முன்னிரவு, நீங்கள் பின்னிரவு என்று முறை வைத்துக்கொண்டாலும் சரிதான். வீட்டுக்காரரும் ஒரு முறை எடுத்துக்கொள்ளட்டுமே!

பெரிய குழந்தைகளை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்க வைத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம். பாய், ஒரு பருத்திப் போர்வை, கைகால் மூடிய உடை அவசியம். வெயில் ஊரானாலும் கொசு உண்டு. காய்ச்சி ஆறிய தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள். கையில் புளிசாதம் இருந்தால் நல்லது. தேங்காய்ச் சட்னி, கடைந்த தயிர் சாதமெல்லாம் இந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். தெருவோரம் நறுக்கி வைத்த பழமும் கலர் ஐஸும் வேண்டாம். கர்ப்பிணிகள் சுவரிலோ தூணிலோ சாய்ந்து உட்காருங்கள். காலைத் தொங்கப் போட்டபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டாம், நடுநடுவே எழுந்து நடங்கள்.

தீமிதி அன்று ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீ மிதிப்பது வேண்டவே வேண்டாம். கால் இடறினால் என்ன ஆகும்? வேண்டுதல் உங்களுடையது, குழந்தையின் தோல் குழந்தையுடையது. பிள்ளைகளின் கையைக் குழிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். தீக்காயம் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ், இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் தளர மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

முடிந்தால் ஒரு உதவி. வேஷக்காரர்கள் ராத்திரியெல்லாம் வியர்த்து வழிய ஆடுகிறார்கள். ஒரு குடம் நீர்மோரோ பானகமோ கரைத்து ஒப்பனை போடும் இடத்துக்கு அனுப்புங்கள். தட்டு வந்தால் குழந்தை கையால் பத்து ரூபாயாவது போடச் சொல்லுங்கள். கூத்து கோவில் சொத்து மட்டுமல்ல, அவர்கள் பிழைப்பும்கூட என்று பிள்ளைக்குப் புரியும்.

ஆக, திருத்தணிச் சகோதரியே, இன்றைக்கே நோட்டீஸைப் பாருங்கள். 'துகில்' என்று போட்டிருக்கிற தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அன்றைக்குச் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அத்தையோடு கிளம்புங்கள். அவர்களிடம் கதை கேட்டுக்கொண்டே நடங்கள். எத்தனை கோடை பார்த்திருப்பார்களோ, நோட்டீஸில் இல்லாததெல்லாம் சொல்வார்கள். பெண் தூங்கி விழுந்தால் விழட்டும். திரௌபதி சபைக்கு வரும்போது மட்டும் தட்டி எழுப்பிவிடுங்கள்.